ஃபெடரல் கிராண்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ நகராட்சியிலோ வேலை பார்க்கும்போது, "இனிமேல் கிராண்ட் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பு கைக்கு வந்துசேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் அறக்கட்டளைகளுக்கு எழுதி நன்றாகப் பழகியவர்கள்கூட ஃபெடரல் கிராண்ட், அதாவது மத்திய அரசு மானியப் பக்கம் வந்ததும் திணறுகிறார்கள். அவர்களுக்கு எழுத வராமல் இல்லை. விதிகள் எங்கே இருக்கின்றன, எதை முதலில் படிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை, அதுதான் காரணம். அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தனிநபருக்கு ஃபெடரல் மானியம் கிடைக்குமா?

சொந்தச் செலவுக்கு, கடனை அடைப்பதற்கு, வீட்டைப் பழுதுபார்ப்பதற்கு என்றெல்லாம், ஃபெடரல் மானிய அறிவிப்புகள் வெளியாகும் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் பணம் கிடைக்காது. அங்கே வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் மாநிலங்கள், உள்ளாட்சிகள், பழங்குடி அரசுகள், பல்கலைக்கழகங்கள், 501(சி)(3) எனப்படும் வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள் போன்றவற்றுக்கானவை. "உங்களுக்கு அரசு மானியம் ஒதுக்கியாகிவிட்டது, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் அது மோசடி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கிராண்ட் நிபுணர் என்றால் விண்ணப்பம் எழுதுகிறவர்தானே?

எழுதுவது வேலையில் ஒரு பங்குதான். எந்த அறிவிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று நிறுவனத்துக்குச் சொல்வது, பட்ஜெட் போடுவது, கூட்டாளி நிறுவனங்களை ஒருங்கிணைப்பது, பணம் வந்தபிறகு அறிக்கைகளையும் கணக்கையும் ஒழுங்காக வைத்திருப்பது, கடைசியில் மானியத்தை முறையாக முடித்துவைப்பது எல்லாம் இதற்குள் வரும். மானியம் வழங்கப்படுவதைத் துறையில் விருது என்பார்கள்; பெரிய இடங்களில் விருதுக்கு முன், விருதுக்குப் பின் என்று இரண்டு அணிகள் இருக்கும். சின்ன இடங்களில் ஒரே ஆள்தான்.

என் கருத்து இதுதான்: ஃபெடரல் மானியத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பணம் வந்தபிறகு என்ன கணக்குக் கேட்பார்கள், எந்தச் செலவை ஏற்பார்கள், எதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று தெரிந்தவர் எழுதும் விண்ணப்பம் தனியாகத் தெரியும். அதில் வாக்குறுதி அளவாக இருக்கும், பட்ஜெட் கதையோடு பொருந்தும். முன்பக்கத்தை மட்டும் கற்றவர் அழகாக எழுதி வாங்கிக்கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று வருடங்களைக் கணக்குப் பிரிவின் தலையில் கட்டிவிடுவார்.

அப்படியென்றால் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

2 சி.எஃப்.ஆர். பகுதி 200, அதாவது ஃபெடரல் விதித்தொகுப்பில் மானியங்களுக்கான பகுதி. துறையில் இதை 'யூனிஃபார்ம் கைடன்ஸ்' என்பார்கள். முன்பு பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, தொண்டு நிறுவனத்துக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று என்று சிதறிக்கிடந்த சுற்றறிக்கைகளை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் 2013 டிசம்பரில் ஒரே விதித்தொகுப்பாக ஆக்கியது. ஒரு வருடம் கழித்து அது நடைமுறைக்கு வந்தது. 2020-ல் ஒரு திருத்தம், 2024 ஏப்ரலில் பெரிய திருத்தம். அந்த 2024 திருத்தம் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளும் பயிற்சிக் குறிப்புகளும் பெரும்பாலும் அதற்கு முந்தைய எண்களையே சொல்லும். அதனால் இ.சி.எஃப்.ஆர். என்ற அரசுத் தளத்தில் இப்போதைய பாடத்தை நேரடியாகப் படியுங்கள்.

முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. பிரிவு 200.403-ல் தொடங்குங்கள். ஒரு செலவை மானியத்தில் ஏற்கலாமா என்பதற்கான அளவுகோல்கள் அங்கே இருக்கின்றன: அது தேவையானதா, நியாயமான அளவா, இந்த மானியத்துக்கு உரியதா, மற்றச் செலவுகளை நடத்துவதுபோலவே இதையும் நடத்துகிறீர்களா, ஆவணம் இருக்கிறதா. அதற்கு அடுத்துவரும் பிரிவுகள் எது நியாயமான அளவு, எது மானியத்துக்கு உரியது என்பவற்றை விளக்கும். அப்புறம் 200.420-லிருந்து செலவு வகைகள் ஒவ்வொன்றாக வரும். விளம்பரம், மது, பயணம், சம்பளம், பொழுதுபோக்கு என்று ஆங்கில அகரவரிசையில் இருப்பதால் அகராதி மாதிரி புரட்டலாம். மதுவுக்கு எப்போதும் இடமில்லை. நிதி திரட்டும் செலவுக்கும் பொதுவாக இல்லை. சம்பளம் பற்றிய 200.430-ஐ இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் தணிக்கையில் அதிகம் சிக்குவது அதுதான்.

பதிவு செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அறிவிப்பைப் பார்த்தபிறகு பதிவைத் தொடங்குகிறவர்கள் பல நேரம் அந்தச் சுற்றையே இழக்கிறார்கள். நிறுவனம் முதலில் சாம்.கவ் தளத்தில் பதிவாக வேண்டும். அங்கேதான் 12 எழுத்தும் எண்ணும் கலந்த யு.இ.ஐ. அடையாளம் கிடைக்கும். 2022 ஏப்ரல் 4 வரை இதற்கு டன்ஸ் எண் பயன்பட்டது, இப்போது அது கிடையாது. நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் முகவரியும் ஆவணங்களில் இருப்பதும் விண்ணப்பத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு 'இன்க்.' விடுபட்டாலோ பழைய முகவரி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தாலோ சரிபார்ப்பு அங்கேயே நிற்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் சில வாரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு கிராண்ட்ஸ்.கவ் கணக்கு. சாம் பதிவில் 'இ-பிஸ்' தொடர்பாளர் என்று ஒருவர் பெயர் இருக்கும். அவர்தான் உங்களுக்கு ஏ.ஓ.ஆர். அதிகாரம், அதாவது நிறுவனத்தின் சார்பில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் உரிமை கொடுக்க வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டது என்பது கடைசி வாரத்தில் தெரியவரும் இடங்கள் நிறைய. புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைப் பாருங்கள்.

சாம் பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பதிவும் புதுப்பித்தலும் இலவசம். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, எங்களுக்குப் பணம் கட்டுங்கள்" என்று வரும் மின்னஞ்சல்கள் தனியார் நிறுவனங்கள் அனுப்புபவை.

எல்லா ஃபெடரல் பணமும் கிராண்ட்ஸ்.கவ் வழியாகத்தான் வருமா?

போட்டி மானிய அறிவிப்புகள் அங்கே வரும். ஆனால் ஏராளமான ஃபெடரல் பணம் சூத்திரப்படி மாநிலங்களுக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் நிறுவனங்களுக்குப் பிரிகிறது. பள்ளிகளுக்கான டைட்டில் 1, 1974-ல் தொடங்கிய சமூக மேம்பாட்டு பிளாக் கிராண்ட், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி நிதி எல்லாம் இந்த வகை. சிறிய தொண்டு நிறுவனம் முதல் ஃபெடரல் டாலரைத் தொடுவது பெரும்பாலும் மாநில அரசு அல்லது கவுன்டி வழியாகத்தான். துறையில் இதைப் பாஸ்-த்ரூ என்பார்கள். கைமாறி வந்தாலும் அது ஃபெடரல் பணம்தான், விதிகளும் கூடவே வரும்.

நம் ஆட்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம்: கோயில், தேவாலயம், மசூதி, யூத ஆலயம் போன்ற வழிபாட்டுத் தலங்களுக்கும் மற்றத் தொண்டு நிறுவனங்களுக்கும் கேமரா, வேலி, கதவு போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு ஃபெடரல் பேரிடர் முகமையான ஃபீமா நிதி தரும் திட்டம், நான்பிராஃபிட் செக்யூரிட்டி கிராண்ட் புரோகிராம். 2024 சுற்றில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 2,00,000 டாலர். கோயில் நிர்வாகம் இதற்கு ஃபீமாவிடம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. மாநில நிர்வாக முகமையிடம் கொடுக்க வேண்டும், கடைசி நாளையும் அந்த மாநிலமே வைக்கும். சாம்.கவ் தளத்தில் முழுப் பதிவு தேவையில்லை, யு.இ.ஐ. எண் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அந்த இடத்துக்கான பாதுகாப்புக் குறைபாட்டு மதிப்பீடு ஒன்று தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு அதைச் செய்ய நேரம் இருக்காது.

நோஃபோவை எப்படிப் படிப்பது? எண்பது பக்கம் இருக்கிறதே!

நோஃபோ என்பது நிதி வாய்ப்பு அறிவிப்பு. அதை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம்போல் படிக்கப் போனால் சோர்ந்துவிடுவீர்கள். நான் படிக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் தகுதி. உங்கள் நிறுவன வகை பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே மூடிவிடலாம். அடுத்து விருது விவரம்: மொத்த நிதி எவ்வளவு, எத்தனை விருதுகள், ஒன்றுக்கு உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை வருடம். நாடு முழுவதற்கும் ஐந்தே விருதுகள் என்றால் அந்தத் தகவலை இயக்குநரிடம் அன்றே சொல்ல வேண்டும். அப்புறம் மேட்ச் எனப்படும் சொந்தப் பங்கு கேட்கிறார்களா என்று பார்ப்பேன்.

அதன்பிறகுதான் மதிப்பீட்டு அளவுகோல்கள். நிறைய முகமைகள் மொத்தம் 100 புள்ளிகளைப் பிரித்து எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். 'தேவை' பகுதிக்கு 10 புள்ளி, 'திட்ட வடிவமைப்பு' பகுதிக்கு 35 என்று இருக்கும்போது, பக்கங்களில் பாதியை ஊரின் வறுமையை விவரிக்கச் செலவழிப்பது வீண். பக்க ஒதுக்கீடு புள்ளி ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும். அளவுகோலில் அவர்கள் வைத்திருக்கும் வரிசையையும் சொற்களையும் அப்படியே உங்கள் உள்தலைப்புகளாக வையுங்கள். மதிப்பீட்டாளர் கையில் ஒரு படிவம் இருக்கும். அவர் தேடுவது தேடிய இடத்திலேயே கிடைத்தால் புள்ளி விழும்.

அடுத்து வடிவ விதிகள்: பக்க வரம்பு, எழுத்தளவு, ஓரம், இணைப்புகள். வரம்பைத் தாண்டிய பக்கங்களைப் படிக்காமலே விட்டுவிடும் முகமைகள் உண்டு, விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடும் முகமைகளும் உண்டு. கடைசியாக, விருதுக்குப் பிந்தைய நிபந்தனைகள். பெரும்பாலானவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்ன அறிக்கை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, என்னென்ன தரவு சேகரிக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது. அதற்கான ஆளையும் மென்பொருளையும் பட்ஜெட்டில் போடாமல் விட்டால் பிறகு கேட்க வழியில்லை.

கூடவே அறிவிப்பில் உள்ள 'அசிஸ்டன்ஸ் லிஸ்டிங்' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இலக்கம், புள்ளி, மூன்று இலக்கம். 93 என்று தொடங்கினால் சுகாதாரத் துறை, 84 கல்வி, 16 நீதி, 10 வேளாண்மை, 97 உள்நாட்டுப் பாதுகாப்பு. அந்த எண்ணை வைத்து யுஎஸ்ஏஸ்பெண்டிங்.கவ் தளத்தில் தேடினால் முந்தைய வருடங்களில் யாருக்கு, எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். வாங்கியவர்கள் எல்லோரும் பெரிய பல்கலைக்கழகங்களாக இருந்தால், இருபது பேர் வேலை பார்க்கும் அமைப்பு தனியாகப் போட்டியிடுவதைவிட அவர்களில் ஒருவரோடு துணை நிறுவனமாகச் சேர்வது புத்திசாலித்தனம்.

எப்போது "வேண்டாம்" என்று சொல்லலாம்?

தாராளமாக, அடிக்கடி. விதிப்படி அறிவிப்புகள் பொதுவாகக் குறைந்தது 60 நாள் திறந்திருக்க வேண்டும் என்றாலும் 30 நாளே தரும் அறிவிப்புகளும் வருகின்றன. அதற்குள் கூட்டாளியைத் தேடி, தரவு சேர்த்து, பட்ஜெட் போட்டு எழுதுவதென்றால் திட்டம் ஏற்கெனவே ஓரளவு உருவாகியிருக்க வேண்டும். நிறுவனம் உண்மையில் செய்ய விரும்பாத ஒன்றைப் பணத்துக்காக உருவாக்கிக்கொள்வதுதான் நான் பார்த்ததில் பெரிய ஆபத்து. அது தோற்றால் இரண்டு மாத உழைப்பு வீண், ஜெயித்தால் மூன்று வருடம் வீண். இதை இயக்குநர் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் நம் தொழிலுக்கு வேண்டும்.

அறிவிப்புக்கு முன்பே தயாராக ஒரு வழி இருக்கிறது. கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் வரப்போகும் அறிவிப்புகளை முன்கூட்டியே போடுவார்கள். எல்லாம் போடமாட்டார்கள். ஆனால் ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கி செப்டம்பர் 30-ல் முடிகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, போன வருட நோஃபோவை எடுத்துப் படித்துவைத்தால் பாதித் தூரம் வந்துவிடலாம்.

கிராண்டுக்கும் கோஆபரேட்டிவ் அக்ரிமென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

1977-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதைப் பிரித்துவைத்திருக்கிறது. அரசு தனக்குத் தேவையான பொருளையோ சேவையையோ வாங்கினால் அது ஒப்பந்தம். பொதுநலனுக்கான ஒரு வேலையை நீங்கள் செய்ய அரசு துணைநின்றால் கிராண்ட். அதே துணையோடு, திட்டத்தை நடத்துவதிலும் முகமை கணிசமாகப் பங்கெடுத்தால் கோஆபரேட்டிவ் அக்ரிமென்ட். இந்த மூன்றாவது வகையில் முகமை அதிகாரியோடு அடிக்கடி பேச வேண்டியிருக்கும். அதற்கு ஊழியர் நேரத்தை ஒதுக்குங்கள்.

பட்ஜெட்டில் 'இன்டைரக்ட்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எப்படிப் போடுவது?

வாடகை, மின்சாரம், கணக்குப் பிரிவு, மனிதவளம் இவையெல்லாம் எந்த ஒரு திட்டத்துக்கும் தனியாக உரியவை கிடையாது, ஆனால் இவை இல்லாமல் எந்தத் திட்டமும் நடக்காது. இதற்கான பங்குதான் இன்டைரக்ட், மறைமுகச் செலவு. ஃபெடரல் முகமையோடு பேசி முடிவான விகிதம் உங்களிடம் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் 'டி மினிமிஸ்' விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அது 10 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் 15 சதவீதம் வரை போடலாம்.

எதன்மேல் 15 என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். மொத்த நேரடிச் செலவின்மேல் போடக் கூடாது. சில இனங்களைக் கழித்த நேரடிச் செலவுத் தொகையை எம்.டி.டி.சி. என்பார்கள், அதன்மேல்தான் போட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 80,000 டாலர், அதன்மேல் ஊழியர் நலன் 20,000, பயணம் 5,000, பொருட்கள் 5,000, ஒரு கருவி 40,000, இன்னொரு நிறுவனத்துக்குத் துணை மானியம் 70,000. நேரடிச் செலவு மொத்தம் 2,20,000. இதில் கருவி முழுவதையும் கழிக்க வேண்டும். துணை மானியத்தில் முதல் 50,000 மட்டும் சேரும், மிச்சம் 20,000 கழியும். மீதி 1,60,000. அதில் 15 சதவீதம் 24,000. கேட்க வேண்டிய தொகை 2,44,000. மொத்தத்தின்மேல் 15 போட்டவர் 33,000 என்று எழுதியிருப்பார். அந்த 9,000 வித்தியாசத்தை பட்ஜெட் பார்க்கும் அதிகாரி உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த 50,000 என்ற வரம்பு முன்பு 25,000-ஆக இருந்தது. 'கருவி' என்று கணக்கில் வர ஒரு பொருளின் விலை முன்பு 5,000 டாலராக இருந்தால் போதும், இப்போது 10,000. உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையில் அதைவிடக் குறைந்த வரம்பு எழுதியிருந்தால் அதுதான் செல்லும். சில திட்டங்கள் சட்டப்படியே குறைவாகத்தான் தரும். உதாரணமாக, கல்வித் துறையின் பயிற்சி மானியங்களில் 8 சதவீதம்தான் உச்சம். அதனால் நோஃபோவில் உறுதி செய்யுங்கள்.

இன்டைரக்ட் கேட்டால் பேராசை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்து பூஜ்ஜியம் போடும் சிறிய நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விதியே உங்களுக்குக் கொடுத்திருக்கும் பணம் அது. மின்கட்டணம் கட்டியாக வேண்டும். கேளுங்கள்.

மேட்ச் எவ்வளவு என்று கணக்கிடுவது எப்படி?

அறிவிப்பில் உள்ள வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் படியுங்கள். ஃபெடரல் பணம் 3,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். "ஃபெடரல் பங்கில் 25 சதவீதம்" என்றால் நீங்கள் காட்ட வேண்டியது 75,000. "மொத்தத் திட்டச் செலவில் 25 சதவீதம்" என்றால் 1,00,000. பணமாக இல்லாமல் தன்னார்வலர் நேரம், இலவச இடம் என்று பொருளாகவும் காட்டலாம். ஆனால் அதே வேலைக்குச் சந்தையில் என்ன கூலியோ அந்த மதிப்புத்தான் போடலாம், நேரக்குறிப்பும் வேண்டும். பொதுவாக இன்னொரு ஃபெடரல் மானியத்தை மேட்ச் என்று காட்ட முடியாது. ஒரே பணத்தை இரண்டு மானியங்களுக்கு மேட்சாகக் காட்டவும் கூடாது. கேட்காத இடத்தில் தானாக மேட்ச் காட்டாதீர்கள். எழுதிக்கொடுத்துவிட்டால் அது கடமையாகிவிடும்.

விண்ணப்பத்தை யார் படிக்கிறார்கள்?

முதலில் தகுதி, வடிவம் இரண்டையும் முகமை ஊழியர்கள் சரிபார்ப்பார்கள். தாண்டினால் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் குழுவிடம் போகும். அவர்கள் துறை தெரிந்தவர்கள், ஆனால் உங்கள் ஊர் தெரியாதவர்கள். சொந்த வேலை முடிந்து இரவில் ஒரு கட்டு விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் என்.ஐ.எச். 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும், அங்கே 1 தான் சிறந்தது. அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் என்.எஸ்.எஃப். அறிவுத்தகுதி, பரந்த தாக்கம் என்று இரண்டு அளவுகோல்களில் பார்க்கும். மதிப்பெண் நிறைய வாங்கினால் மட்டும் விருது உறுதியாகிவிடாது. இறுதி முடிவு முகமையுடையது. 2025 ஆகஸ்ட் 7-ல் வந்த அதிபர் ஆணை, அரசியல் நியமனம் பெற்ற மூத்த அதிகாரிகளும் மானியங்களைப் பார்த்து ஒப்ப வேண்டும் என்கிறது.

புதியவர்களுக்கு என் உறுதியான சிபாரிசு: நீங்களே மதிப்பீட்டாளராகப் பதிவு செய்யுங்கள். சுகாதாரம், கல்வி, நீதி என்று பல துறைகளின் முகமைகள் ஆள் தேடிக்கொண்டே இருக்கின்றன. சிறிய மதிப்பூதியமும் உண்டு. பத்து விண்ணப்பங்களை அளவுகோலோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள், எந்தப் பயிலரங்கும் தராத தெளிவு வரும். எது குழப்புகிறது, எது நம்பிக்கை தருகிறது, மூன்றாம் பக்கத்திலேயே ஏன் ஒருவர்மேல் மரியாதை வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். உங்கள் நிறுவனமே போட்டியிடும் சுற்றில் மட்டும் உட்கார முடியாது.

சமர்ப்பிக்கும் நாளில் எதில் கவனம் வேண்டும்?

கடைசி நாள் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, மூன்று நாள் முன்னால் அனுப்புங்கள். அனுப்பியதும் முதல் ரசீது வரும். அது வந்து சேர்ந்ததற்குத்தான் ஆதாரம், ஏற்றுக்கொண்டதற்கு இல்லை. சரிபார்ப்பு முடிந்து வரும் இரண்டாவது மின்னஞ்சலுக்கு ஓரிரு நாள் ஆகலாம். பிழை என்று வந்தால் திருத்தி மறுபடி அனுப்ப அந்த மூன்று நாள் உதவும். இணைப்புக் கோப்புகளின் பெயர் 50 எழுத்துக்குள் இருக்கட்டும், விசேஷக் குறிகள் வேண்டாம், இரண்டு கோப்புக்கு ஒரே பெயர் வேண்டாம். தளம் மக்கர் செய்தால் உதவி மையத்தை அழைத்துப் புகார் எண் வாங்கிவையுங்கள். பிறகு முகமையிடம் பேச அந்த எண் ஒன்றுதான் கையில் இருக்கும்.

எஸ்.எஃப். 424 எனப்படும் விண்ணப்ப முகப்புப் படிவத்தின் 19-வது கேள்வி, மாநிலத்தின் மறுஆய்வுக்கு உட்பட்டதா என்பது. எல்லா மாநிலங்களும் அந்த முறையில் இல்லை. உங்கள் மாநிலம் எப்படி என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால் போதும்.

விருது கிடைத்துவிட்டது. முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

விருதுக் கடிதத்தைத் திட்டம் நடத்துகிறவர், கணக்கு பார்க்கிறவர், நீங்கள், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படியுங்கள். நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்க வேண்டும். கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால் இலக்குகளையும் குறைக்க அனுமதி கேளுங்கள்.

ஊழியர் நேரக்குறிப்பு முதல் சம்பளத்திலிருந்தே சரியாக இருக்க வேண்டும். பட்ஜெட்டில் ஒருவருக்கு 50 சதவீதம் என்று எழுதியிருப்பதால் மாதாமாதம் 50 சதவீதம் ஏற்றிவிட முடியாது. அவர் உண்மையில் செய்த வேலையைப் பதிவு காட்ட வேண்டும்.

பணம் பெரும்பாலும் ஓர் ஆன்லைன் கட்டண அமைப்பு வழியாக நீங்களே எடுத்துக்கொள்ளும்படி இருக்கும். எடுத்ததற்கும் செலவழித்ததற்கும் இடையே நாள் குறைவாக இருக்க வேண்டும். வங்கியில் போட்டு வைக்கக் கூடாது. முன்பணத்துக்கு வட்டி வந்தால் வருடத்துக்கு 500 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், மேலே உள்ளது திரும்பிப் போக வேண்டும்.

சில மாற்றங்களுக்கு முன் அனுமதி தேவை. திட்டத்தின் நோக்கம் மாறினால், முக்கிய நபர் மாறினால், திட்டத் தலைவர் மூன்று மாதத்துக்குமேல் விலகினால் அல்லது அவருடைய நேரம் 25 சதவீதம் குறைந்தால் முகமையின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அதிகாரி தொலைபேசியில் "சரி, செய்யுங்கள்" என்று சொன்னது போதாது.

அப்புறம், நீங்கள் பணம் கொடுக்கும் வெளி நிறுவனம் எந்த வகை என்று தீர்மானிக்க வேண்டும். திட்டத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று நடத்தி, யாருக்கு உதவி என்று முடிவெடுக்கிறவர் என்றால் சப்-ரெசிபியன்ட். எல்லோருக்கும் விற்கும் ஒரு சேவையை உங்களுக்கும் விற்கிறவர் என்றால் கான்ட்ராக்டர். முதல் வகைக்கு அபாய மதிப்பீடு, கண்காணிப்பு, ஃபெடரல் விதிகளை எழுதிக்கொடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. இரண்டாவதற்குக் கொள்முதல் விதிகள். ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதைத் தணிக்கையாளர் பொருட்படுத்தமாட்டார், நடந்த வேலையைத்தான் பார்ப்பார்.

சிங்கிள் ஆடிட் எப்போது வரும்?

சிங்கிள் ஆடிட் என்பது நிறுவனத்தின் ஃபெடரல் பணம் முழுவதையும் சேர்த்துச் செய்யும் ஒரே தணிக்கை. ஒரு நிதியாண்டில் எல்லா மானியங்களும் சேர்த்து 10,00,000 டாலர் அல்லது அதற்குமேல் ஃபெடரல் பணம் *செலவழித்தால்* வரும். விருதாகக் கிடைத்த தொகை கணக்கில்லை. 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இந்த வரம்பு. அதற்கு முன் 7,50,000. மாநிலம் வழியாக வந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அல்லது தணிக்கை அறிக்கை கைக்கு வந்து 30 நாளுக்குள், எது முன்போ அதற்குள் ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸில் ஏற்ற வேண்டும்.

நடுவில் மானியத்தை நிறுத்திவிடுவார்களா?

நிறுத்தலாம். 2025-ல் பல முகமைகள் ஏராளமான மானியங்களை நடுவிலேயே ரத்து செய்தன. முகமையின் முன்னுரிமைகளுக்கு இனி உதவவில்லை என்றால் முடித்துக்கொள்ளலாம் என்ற 200.340-ன் வாசகம் அப்போது அதிகம் பயன்பட்டது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வேலை இழந்த ஊழியர்கள், சேவை நின்றுபோன குடும்பங்கள் என்று அதன் வலி இன்னும் ஆறவில்லை.

நிபுணர் செய்யக்கூடியது இதுதான். விருதுக் கடிதத்தில் ரத்து பற்றிய பகுதியைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். செலவழித்ததை மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் உடனுக்குடன் கோரிப் பெறுங்கள். ரத்துத் தேதிக்கு முன் முறையாக ஏற்பட்ட செலவும், திரும்பப் பெற முடியாத கடப்பாடுகளும் பொதுவாக ஏற்கத்தக்கவை, அதற்கான ஆவணம் உங்களிடம் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக் கெடு குறுகியது, முதல் நாளே வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஒரே ஃபெடரல் மானியத்தில் நிறுவனத்தின் பாதிச் சம்பளம் ஓடுகிறது என்றால் அதை இயக்குநர் குழுவிடம் இப்போதே எடுத்துச்சொல்லுங்கள்.

"கிடைத்தால் 10 சதவீதம் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷனின் நெறிமுறை கமிஷன் முறையை ஏற்பதில்லை. மானியம் கிடைக்கும் முன் செய்த எழுத்து வேலைக்கு அந்த மானியத்திலிருந்தே கூலி எடுக்கவும் முடியாது. மணிக்கணக்கிலோ வேலைக்கு இவ்வளவு என்றோ பேசிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா?

ஜி.பி.சி. என்ற சான்றிதழ் மானியத் துறை முழுவதையும் தழுவியது, அதன் தேர்வில் எழுத்துப் பகுதியும் உண்டு. நேஷனல் கிராண்ட்ஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் தரும் சி.ஜி.எம்.எஸ். நிர்வாகப் பக்கம் சார்ந்தது. இரண்டுக்கும் அனுபவம் கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் இதை நினைக்க வேண்டாம். ஒரு மானியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திப் பார்த்தபிறகு படித்தால் பாடம் ஒட்டும்.

நிராகரித்துவிட்டார்கள். அடுத்து?

மதிப்பீட்டாளர் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள். நிறைய முகமைகள் தாமாகவே அனுப்பும், சில இடங்களில் எழுதிக் கேட்க வேண்டும். வந்ததும் கோபத்தில் படிக்காமல் ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் குழம்பியிருந்தால் பிழை எழுத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் யோசித்து முடிவெடுங்கள். திட்ட அதிகாரியிடம் நேரம் கேட்டுப் பேசுங்கள், அடுத்த சுற்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். திருத்தி மறுபடி அனுப்பி வாங்கியவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர்.

மானியம் முடிந்தபிறகு கோப்புகளை எப்போது தூக்கிப்போடலாம்?

மானியக் காலம் முடிந்து 120 நாளுக்குள் இறுதி அறிக்கைகள் போக வேண்டும். நீங்கள் துணை நிறுவனமாக இருந்தால் 90 நாள். இறுதி நிதி அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து மூன்று வருடம் எல்லா ஆவணங்களும் இருக்க வேண்டும். தணிக்கையோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அது தீரும்வரை. மானியத்தில் வாங்கிய கருவிக்கு, அதை விற்றோ கழித்தோ முடித்த நாளிலிருந்து மூன்று வருடம். அழிக்கும் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.